ஆராய்ச்சி மணி யாருக்கு எட்டும்?

இந்த எபிசோடை ஒரு மஞ்சப்பையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து சென்னை ரோட்டில் வந்தால் சோழபுரம் தாண்டி, அணைக்கரைக்கு முன்னால் வரும் ஊர் திருப்பனந்தாள். காசி மடம் இருக்கிற ஊர். உங்களில் நிறைய பேர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே இந்த ஊரைத் தாண்டியிருப்பீங்க. அந்தக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா ஒரு மஞ்சப்பையை என் மடியில் வைத்தார். உள்ளே மனு நகல்கள், ரசீதுகள், கூடவே ஒரு கடிதம்.

விஷயம் இதுதான். சித்தப்பாவுக்கு இருப்பது இரண்டு ஏக்கர், கடைமடையில். வாய்க்கால் முடிகிற இடம் அது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும், தலைமடைக்காரர் வயல் நனைந்து, நடுமடைக்காரர் வயல் நனைந்து, அப்புறம்தான் இவர் வயலுக்கு. சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் வாய்க்கால் கரையில் ஒரு பலகை முளைத்தது. 'தூர்வாரும் பணி', இத்தனை மீட்டர், இத்தனை மனித நாள், இத்தனை ரூபாய். ஆனால் பலகைக்குப் பின்னால் வாய்க்காலைக் காணோம். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தது. அந்த வருடம் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

சித்தப்பா மனு கொடுத்தார். சீல் போட்ட ரசீது வந்தது. சில வாரம் கழித்துப் பதிலும் வந்தது. எந்த ஆபீஸ், எந்த ஊராட்சி என்று நான் சொல்லப்போவதில்லை, இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. கடிதத்தின் கடைசி வரிதான் முக்கியம்: பணி முடிக்கப்பட்டுவிட்டது, மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது.

"தண்ணி வரலங்கறது கூட போவுதுடா. என்னைப் பொய்யன்னு எழுதிட்டாங்க பாரு" என்றார். அப்புறம் என்னை ஒரு கேள்வி கேட்டார். "நான் யார் மேல சொன்னேனோ, அவங்ககிட்டயே அந்த மனு போயிருக்கு. அவங்களுக்கு மேல, அவங்களைச் சேராத ஆள் ஒருத்தர் கூடவா இல்ல, கேக்குறதுக்கு?"

இருக்கிறார் சித்தப்பா, பேருக்கு நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவான பெயர் குறைதீர்ப்பாளர். உலகம் முழுக்க ஆம்புட்ஸ்மேன் என்று சொல்வார்கள். அவர்களால் என்ன முடியும், எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்பதுதான் இன்றைய எபிசோட்.

*ஒரு மாடு அடித்த மணி*

டெல்டாக்காரர்களுக்கு இந்த யோசனை புதுசு கிடையாது. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை நாம் எல்லோரும் ஸ்கூலில் படித்ததுதான். அரண்மனை வாசலில் ஓர் ஆராய்ச்சி மணி. இளவரசன் ஓட்டிய தேர்ச் சக்கரத்தில் கன்று ஒன்று சிக்கிச் சாகிறது. தாய்ப்பசு வந்து மணியை அடிக்கிறது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். பெரியபுராணத்தில் விரிவாக வரும் கதை. திருவாரூரில் இதற்கென ஒரு கல்தேரே இருக்கிறது.

எல்லோரும் மன்னனின் தியாகத்தைத்தான் பேசுவார்கள். நான் மணியைப் பற்றிப் பேசுகிறேன். அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று. ஒன்று, மணி வாசலில் இருந்தது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டாம். இரண்டு, மாட்டுக்கே எட்டுகிற உயரத்தில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், பேசக்கூட வேண்டாம். மூன்று, புகார் யார் வீட்டின் மேல் என்று பார்த்து மணி ஒலிக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். மணி அடித்தாலும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது அதே ராஜாதான். அவர் மனுநீதிச் சோழனாக இருந்ததால் சரி. வேறு ராஜாவாக இருந்திருந்தால்? கன்று செத்ததுதான் மிச்சம்.

இன்றும் தமிழ்நாட்டில் அதிகாரிகள் கிராமத்துக்கே வந்து மனு வாங்கும் முகாமுக்கு 'மனுநீதி நாள்' என்றுதான் பெயர். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டா, பென்ஷன், மூன்று சக்கர வண்டி என்று நிறைய பேருக்கு நிறைய கிடைத்திருக்கிறது. ஆனால் மனு போகிற பாதையைப் பாருங்க. கலெக்டர் மேசையிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து கீழே, கீழேயிருந்து இன்னும் கீழே. கடைசியில் யார் மேல் புகாரோ, அவரே விசாரித்து, அவரே பதில் எழுதுகிறார். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான்.

*ராஜா ஊரில் இல்லாதபோது*

ஆம்புட்ஸ்மேன் என்ற சொல் ஸ்வீடனிலிருந்து வந்தது. பிரதிநிதி, சார்பாக நிற்பவர் என்று பொருள். 1709-இல் போல்தாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸ் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் போய்த் தங்கினார். வருடக்கணக்கில் ராஜா ஊரில் இல்லை. அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க 1713-இல் தன் சார்பாக ஒருவரை நியமித்தார். இது ராஜாவின் ஆள்.

1809-இல்தான் பெரிய மாற்றம். புதிய அரசியலமைப்பு எழுதியபோது, நாடாளுமன்றம் தனக்கென ஓர் ஆம்புட்ஸ்மேனை உருவாக்கியது. அவர் அரசுக்குக் கீழே இல்லை. அரசாங்கத்தை மக்களின் சார்பாகக் கேள்வி கேட்பவர். நம் கதைக்குத் திருப்புமுனை இதுதான். மனு வாங்குவதை ராஜாவின் கருணை என்று விட்டுவிடாமல், ராஜாவைச் சேராத ஒருவரின் கடமையாக ஆக்கினார்கள்.

இந்தியாவுக்கு இந்த யோசனை 1960-களில் வந்தது. 'லோக்பால்' என்ற சொல்லை 1963-இல் உருவாக்கியவர் எல்.எம். சிங்வி. 1966-இல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் மத்தியில் லோக்பால், மாநிலங்களில் லோக் ஆயுக்தா என்று பரிந்துரைத்தது. ஆனால் நம்ம ஊர்ப் பக்கம் இதற்கு ஒரு முன்கதை உண்டு. அது நூறு வருடத்துக்கும் மேல் பழசு.

*1,959 புகார்கள்*

1850-களின் சென்னை மாகாணம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. நிலவரி கட்ட முடியாத குடியானவர்களை எப்படிக் கட்ட வைத்தார்கள் தெரியுமா? கொளுத்தும் வெயிலில் குனிந்து நிற்க வைப்பது. கிட்டி போடுவது, அதாவது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. 'கிட்டி போட்டு நெருக்குறான்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கிட்டிதான்.

ஏன் யாரும் புகார் கொடுக்கவில்லை? ஏனென்றால் அன்று தாசில்தார்தான் வரி வசூலிப்பவர், போலீஸ் அதிகாரமும் அவர் கையில்தான். அடித்தவரிடமே போய் அடித்தார் என்று சொல்ல வேண்டும். சித்தப்பாவின் மஞ்சப்பையில் இருப்பது புதுப் பிரச்சினை இல்லை, பாருங்க.

1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்பவர் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், கம்பெனி ஆட்சியின் கொடுமைகளைப் பட்டியலிட்டு லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. டான்பி சீமோர் என்ற எம்.பி. 1853-இல் நேரில் வந்து பார்த்தார். விவகாரம் நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1854-இல் சென்னையில் மூன்று பேர் கொண்ட ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்தது: எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். மக்கள் நேரில் வரலாம், கடிதமும் எழுதலாம் என்று அறிவித்தார்கள்.

வந்த புகார்கள் 1,959. ரயில் இல்லாத காலம் இது. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியதே 1856-இல்தான். புகார் சொல்ல நடந்தோ, வண்டி கட்டிக்கொண்டோ சென்னைக்கு வர வேண்டும். வருகிற நாட்களுக்குச் சாப்பாடு? திரும்பிப் போனால் அதே தாசில்தார்? இவ்வளவுக்கு நடுவில் 1,959 என்றால், வராதவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசிங்க. தூரமும் செலவும் பயமும்தான் மக்களை வாய் திறக்கவிடாமல் செய்தன என்பதைக் கமிஷனே ஒப்புக்கொண்டது.

1855-இல் அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மை, பரவலாக நடக்கிறது என்று அரசாங்கம் அமைத்த கமிஷனே எழுதியது. கார்ல் மார்க்ஸ் இதை வைத்து 1857-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினார்.

இப்போது இதன் எல்லையையும் பார்ப்போம். கமிஷனிடம் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விரல் நெரிந்து வந்தவனுக்கு விரலைத் திருப்பித் தர முடியவில்லை. பழியைக் கீழே இருந்த இந்திய ஊழியர்கள் மேல் போட்டுவிட்டு, மேலே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளைப் பெரும்பாலும் காப்பாற்றியது. தன்னை நியமித்தவரை எந்த அளவுக்குக் கேட்க முடியுமோ, அந்த அளவுக்குத்தான் கேட்டது.

ஆனாலும் ஒன்று நடந்தது. 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலும் போலீஸும் தனித்தனியாகப் பிரிந்தன. அந்த மாற்றத்துக்குப் பின்னால் இந்த அறிக்கை ஒரு முக்கியமான காரணம். தனித்தனியாக ஒரு மனுவும் தீரவில்லை. ஆனால் 1,959 மனுக்களைச் சேர்த்துப் படித்தபோது, கோளாறு ஒரு தாசில்தாரிடம் இல்லை, வசூலும் தடியும் ஒரே கையில் இருக்கும் அமைப்பில் இருக்கிறது என்று தெரிந்தது. குறைதீர்ப்பாளர் வேலையின் சாரமே இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு மனுவைப் படிக்க ஒரு கிளார்க் போதும். ஆயிரம் மனுக்களைச் சேர்த்துப் படிக்க ஒரு சுதந்திரமான ஆள் வேண்டும்.

*மூன்று வருடம் வாழ்ந்த சட்டம்*

நேராகத் தமிழ்நாட்டு அரசியலுக்கு வருவோம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்படுகிறார். அடுத்த மாதம் அரசின் மீது ஊழல் பட்டியல் ஒன்றைக் குடியரசுத் தலைவரிடம் கொடுக்கிறார். அனல் பறந்த அந்தக் காலத்தில், கருணாநிதி அரசு 1973-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. முதலமைச்சர், அமைச்சர் தொடங்கிப் பொதுவாழ்வில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையர். டிசம்பர் 30-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல், 1974 மே 8-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

1977-இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தார். அந்த செப்டம்பரில் சட்டம் ரத்து. மூன்றரை வருடம்கூட முழுசாக வாழவில்லை.

சட்டம் படிக்கிற நண்பர்களுக்கு இப்போது மணி அடித்திருக்கும். 'கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம்', 1979. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் எப்போது மோதும் என்பதற்கு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிற அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, செத்துப்போன இந்தச் சட்டத்தைச் சுற்றித்தான். முதலமைச்சரும் ஒரு பொது ஊழியரே என்று அதில்தான் நீதிமன்றம் சொன்னது. குறைதீர்க்க வந்த சட்டம் பரீட்சைக் கேள்வியாக மட்டும் மிஞ்சியது.

அதன்பின் நாற்பது வருடம் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. மகாராஷ்டிரா 1971-இலேயே லோக் ஆயுக்தா சட்டம் போட்டது. கர்நாடகா 1984. கேரளா 1999. தமிழ்நாட்டில் 1964-இல் உருவான லஞ்ச ஒழிப்புத் துறை இருந்தது, ஆனால் அது அரசாங்கத்துக்குக் கீழே. 2013-இல் மத்தியில் லோக்பால், லோக் ஆயுக்தா சட்டம் நிறைவேறியது. 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஒரு வருடத்துக்குள் எல்லா மாநிலமும் லோக் ஆயுக்தா அமைக்க வேண்டும் என்றது. இங்கே அசையவில்லை. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2018 ஜூலை 9 அன்று, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சட்டமன்றத்தில் நிறைவேறியது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற மாதிரி! அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க., பல் இல்லாத சட்டம் என்று வெளிநடப்பு செய்தது. 2019 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நீதிபதி தேவதாஸ் முதல் தலைவரானார்.

சித்தப்பா மாதிரி ஊராட்சிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வேறொரு கதவு. 2014-ஆம் ஆண்டு உள்ளாட்சி அமைப்புகளுக்கான குறைதீர்ப்புச் சட்டம். அரசுத் தமிழில் 'முறைமன்ற நடுவம்' என்பார்கள். அழகான பெயர். ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் விசாரித்தேன், ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இந்தச் சட்டத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2010 முதல் 2015 வரைக்கான பதின்மூன்றாவது நிதி ஆணையம், உள்ளாட்சிகளுக்கு ஊக்க மானியம் வேண்டுமென்றால் மாநிலம் ஒரு சுதந்திரமான குறைதீர்ப்பாளரை வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. வாசலில் மணி கட்டுவதற்கு மாடு காரணமில்லை, மானியம் காரணம்!

அந்த மணியும் சென்னையில் தொங்குகிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரே நடுவம். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு நூறுநாள் வேலை ஆள் அங்கே போய்வர, கூலி இழக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. தபாலில் அனுப்பலாம், சரி. ஆனால் வாய்க்கால் தபாலில் போகாதே. யாராவது வந்து பார்த்தால்தானே தெரியும்.

இன்னொரு கூத்து. சட்டம் வந்த கொஞ்ச நாளில், 2016 அக்டோபரோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தஞ்சாவூர் உள்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருடம் தனி அலுவலர்கள். ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்கிற வழியே அடைந்திருந்தது. ஒரு குறைதீர்ப்பாளர் தேர்தலுக்கு மாற்று ஆக முடியாது. அவர் ஒரு கதவுதான், வீடு இல்லை.

*பல் முளைத்தால் என்ன ஆகும்?*

அப்போ அதிகாரம் கொடுத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். பக்கத்து வீடுகளைப் பார்ப்போம்.

கர்நாடகா லோக் ஆயுக்தாவிடம் போலீஸ் பிரிவே இருந்தது. 2011 ஜூலையில் நீதிபதி சந்தோஷ் ஹெக்டேவின் சுரங்க ஊழல் அறிக்கை வந்த சில நாட்களில் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். நாடே அசந்துபோனது. ஆனால் 2015-இல் அதே லோக் ஆயுக்தா அலுவலகத்துக்குள் இருந்தே அதிகாரிகளை மிரட்டிப் பணம் கேட்டதாகப் புகார் எழுந்தது. அப்போதைய லோக் ஆயுக்தா அந்த வருடக் கடைசியில் விலகினார். 2016-இல் அரசு தனக்குக் கீழே ஓர் ஊழல் தடுப்புப் பிரிவை உருவாக்கி, லோக் ஆயுக்தா போலீஸின் பல்லைப் பிடுங்கியது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

கேரளா சட்டத்தில் ஒரு கூர்மையான பிரிவு இருந்தது. லோக் ஆயுக்தா ஒருவரைப் பதவியில் நீடிக்கத் தகுதியற்றவர் என்று அறிவித்தால், அவர் போயாக வேண்டும். 2021 ஏப்ரலில் உறவினர் நியமன விவகாரத்தில் அப்படித் தீர்ப்பு வந்து ஓர் அமைச்சர் விலகினார். அடுத்த வருடமே அந்தப் பிரிவைத் தளர்த்திச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. பல் கடித்தது, உடனே பல் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார்கள்.

இலங்கையில் 1978 அரசியலமைப்பிலேயே ஆம்புட்ஸ்மேன் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் மக்கள் நேராகப் புகார் கொடுக்க முடியாது. எம்.பி. வழியாக நாடாளுமன்ற மனுக் குழுவுக்குப் போய், அங்கிருந்துதான் வர வேண்டும். 1994-இல்தான் நேரடியாகப் புகார் கொடுக்க வழி பிறந்தது. மணி இருக்கு, ஆனால் கயிறு எம்.பி. கையில் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் தினமும் பயன்படுத்தக்கூடிய இரண்டு குறைதீர்ப்பாளர்கள் ஓரளவு பல்லோடு இருக்கிறார்கள். ஒன்று, ரிசர்வ் வங்கியின் வங்கிக் குறைதீர்ப்பாளர். 1995-லிருந்து இருக்கிறது. உங்கள் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் அங்கே போகலாம், ஆன்லைனிலேயே. இரண்டு, 2003 மின்சாரச் சட்டப்படி வந்த மின் குறைதீர்ப்பாளர். முதலில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கே தீராவிட்டால் இவர். இவர்களால் உத்தரவே போட முடியும். ஏன் தெரியுமா? இங்கே கேள்விக்கு ஆளாவது வங்கியும் மின் நிறுவனமும். அரசாங்கத்தையே கேட்கிற இடம் வந்தால், உத்தரவு பரிந்துரையாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பரிந்துரையும் போய்ச் சேர்வது அதே அரசாங்கத்திடம்.

*மஞ்சப்பையின் மிச்சக் கதை*

சித்தப்பாவிடம் திரும்புவோம். அந்த வாய்க்கால் வேலை நூறுநாள் வேலைத் திட்டத்தில் காட்டப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசின் 2009 வழிகாட்டுதல்படி மாவட்ட அளவில் குறைதீர்ப்பாளர் இருந்தார். யாரோ சொல்லி, சித்தப்பா அவருக்கு எழுதினார். பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர் ஆனவர். பலகையைப் படித்தார். கரையோடு நடந்தார். எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வேலை பார்த்ததாகப் பேர் இருந்த நாலைந்து பெண்களைத் தனியாக அழைத்து, "நீங்க இங்க வெட்டுனீங்களாம்மா?" என்று கேட்டார். அவர்கள் முதலில் பேசவில்லை. அப்புறம் ஒருத்தர், "வேற எடத்துல வெட்டுனோம் சார், கொஞ்ச நாளு" என்றார்.

பிறகு அறிக்கை வந்தது, நகல் சித்தப்பாவுக்கும். பலகையில் உள்ள அளவுக்குப் பணி நடக்கவில்லை, மனுதாரரின் புகாரில் உண்மை உள்ளது, நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வளவுதான். யாருக்கும் தண்டனை கிடைத்ததாகச் சித்தப்பா அறியவில்லை. அடுத்த வருடக் கோடையில் வேறொரு திட்டத்தில் இயந்திரம் வந்து வாய்க்காலைத் தூர்வாரியது. அறிக்கையால்தான் வந்ததா, தேர்தலால் வந்ததா, யாருக்குத் தெரியும்.

"அப்போ அந்தப் பெரியவர் வந்ததால என்ன சித்தப்பா ஆச்சு?" என்று கேட்டேன்.

பையிலிருந்து இரண்டு காகிதத்தை எடுத்தார். ஒன்றில் 'உண்மைக்குப் புறம்பானது'. இன்னொன்றில் 'புகாரில் உண்மை உள்ளது'. இரண்டும் அரசாங்க முத்திரையோடு.

"அந்த வருசம் சாகுபடி போனது போனதுதான். ஆனா நான் பொய் சொல்லலன்னு கவர்மென்டு பேப்பர்லயே வந்துச்சுல்ல. நாளைக்கி இன்னொருத்தன் கேட்டாலும் இதைக் காட்டுவேன்" என்றார்.

ஒரு குறைதீர்ப்பாளரின் பணியையும் எல்லையையும் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. அவரால் வாய்க்காலைத் தூர்வார முடியாது. தண்ணீர் விட முடியாது. ஆனால் அவர் வந்து பார்க்கலாம், ஃபைலைக் கேட்கலாம், பார்த்ததை எழுதலாம். அரசாங்கம் எழுதிய பொய்யை அரசாங்கத் தாளிலேயே திருத்தலாம். அந்தத் தாளை அப்புறம் யார் படிக்கிறார்கள், சட்டமன்றம் விவாதிக்கிறதா, பத்திரிகை எழுதுகிறதா, ஊர் கிராம சபையில் கேட்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். 1855 அறிக்கையை நாலு பேர் விடாமல் பேசினார்கள், அதனால் அது 1859-இல் சட்டமாக முடிந்தது. பேசாமல் விட்டிருந்தால் ஆவணக் காப்பகத்தில் தூசிதான்.

டீ குடித்துவிட்டுக் கோயில் பக்கம் நடந்தோம். திருப்பனந்தாள் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்றும் பெயர். மாலை சாத்த வந்த தாடகை என்ற பெண்ணின் ஆடை நெகிழ, மாலையைக் கீழே விடவும் முடியாமல், கையை உயர்த்தவும் முடியாமல் தவித்தாளாம். இறைவன் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொடுத்தாராம். பிறகு சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த ராஜாவின் யானைகளால் முடியவில்லை, குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பது ஊர் சொல்லும் கதை. எல்லோரும் நிமிர்த்தியதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். சித்தப்பாவுக்குப் பிடித்தது முதல் பாதி. "அவளுக்கு எட்டலன்னு அவரு குனிஞ்சாரு பாரு" என்றார்.

தண்ணீருக்குக் கடைமடை இருக்கிற மாதிரி நீதிக்கும் கடைமடை இருக்கிறது. மாவட்டத்தில் ஒரு பெரியவர் இருந்ததால், அவர் கரைக்கு வந்தார். சென்னையில் மட்டும் இருந்திருந்தால் வந்திருப்பாரா? நம் மாநிலத்தில் நடுவம் இருக்கிறது, லோக் ஆயுக்தா இருக்கிறது, சட்டம் இருக்கிறது. மணி இருக்கிறதா என்ற கேள்வி முடிந்துபோனது. அது யார் கைக்கு எட்டுகிற உயரத்தில், எந்த ஊரில் தொங்குகிறது என்பதுதான் இனி நாம் கேட்க வேண்டியது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் அப்பாவோ, பாட்டியோ, சித்தப்பாவோ ஒரு மஞ்சப்பை வைத்திருப்பார்கள். திறந்து பாருங்க. எந்த மனு யாரிடம் போய், யார் பதில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்க. ரசீதும் நகலும் தேதியும் பத்திரமாக இருக்கட்டும். சாட்சி அதுதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.